மர்யம்: ஒரு பெயரின் பொருளும் ஓசையும்

என் மூத்த சகோதரியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்தாம் நாள். பெயர் முடிவாகிவிட்டது: மர்யம். ஏழாம் நாள் அகீகாவுக்குச் சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. இரவு பத்து மணிக்கு அவளிடமிருந்து தொலைபேசி அழைப்பு.

"மாமா, மர்யம் எண்டா கசப்பு எண்டு அர்த்தமாம். போன்ல பாத்தன். ஹீப்ரு பேராம். உண்மையான பேர் மிரியமாம், நாங்க செல்றது அரபுல திரிஞ்ச பேராம். இவர்ட உம்மாவும் அது வேதக்காரர்ட பேர் போல இரிக்கி எண்டு முதலே சொன்னவ. பேர மாத்தணுமா?"

பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லாத ஐந்து இரவு. சிரித்துத் தட்டிக்கழிக்கக் கூடிய கேள்வியல்ல அது. பொருள் கெட்ட பெயரை மாற்றுவது நம் மார்க்கத்தில் உள்ளதுதான். உமர் (ரழி) அவர்களின் மகளுக்கு ஆஸியா என்று பெயர் இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதை ஜமீலா என்று மாற்றியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மாறுசெய்பவள் என்பது அந்த ஆஸியாவின் பொருள். (பிர்அவ்னின் மனைவி ஆஸியா வேறு. அரபு எழுத்தில் முன்னது ஐன், ஸாத். பின்னது அலிப், ஸீன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். காதில் விழுந்த ஓசையை வைத்துப் பொருள் சொல்வதில் உள்ள ஆபத்துக்கு இது ஒன்றே போதும்.) ஆகவே அவளிடம் ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். அவளுக்குச் சொன்னதைத்தான் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது ஹீப்ருப் பெயர்தானா? ஆம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. நம் ஆலிம்கள் மறைத்ததுமில்லை. குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் 'ஈஸப்ன மர்யம' என்ற தொடர் வாயில் வரும். 'இப்ன்' என்ற சொல்லுக்குப் பின் வரும் பெயர் இலக்கணப்படி கஸ்ர் பெற்று 'மர்யமி' என்றல்லவா முடிய வேண்டும்? அப்படி முடிவதில்லை, பத்ஹ் பெற்று 'மர்யம' என்றே நிற்கிறது. காரணம் கேட்டால் நஹ்வு உஸ்தாத் சொல்வார்: இது பெண்பால் பெயர், அதோடு அஜமிப் பெயர், அரபு அல்லாத மொழியிலிருந்து வந்தது, ஆகவே அதற்குத் தன்வீனும் இல்லை, கஸ்ரும் இல்லை. அரபு இலக்கணக்காரர் ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்பே பதிந்து வைத்த செய்தியைத்தான் தொலைபேசித் திரை இப்போது புதிதுபோல் சொல்கிறது.

இனி அந்தக் கசப்பு.

ஹீப்ருவில் 'மர்' என்றால் கசப்பு, 'யாம்' என்றால் கடல். இரண்டையும் ஒட்டினால் கசப்புக் கடல். யூத மத போதகர்களின் விளக்கங்களில் இதற்கு ஒரு கதையும் உண்டு: மூஸா நபியின் சகோதரி பிறந்த காலத்தில்தான் எகிப்தியர் இஸ்ராயீலின் மக்களின் வாழ்வைக் கசப்பாக்கத் தொடங்கினர், அதனால் அவளுக்கு அப்பெயர் வந்தது என்பார்கள். இது பாடம் சொல்வதற்காகப் பெயருக்குள் கதையை வைக்கும் முறை. சொற்பிறப்பு ஆராய்ச்சி என்பது வேறு. 'மெரி' என்றால் கலகம், ஆகவே கலகக்காரி என்று சொன்னவர்களும் உண்டு. கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம், 'மர்' என்பதற்குத் துளி என்றும் பொருள் உண்டென்று பிடித்து, 'கடல் துளி' என்று லத்தீனில் எழுதினார். துளி என்ற லத்தீன் சொல் ஸ்டில்லா. அதில் ஓர் எழுத்து மாறினால் ஸ்டெல்லா, நட்சத்திரம். பின்வந்த ஏடுகளில் எழுத்து மாறிப்போயிற்று. ஐரோப்பியக் கப்பல்காரர்கள் பல நூற்றாண்டாகக் கடல் நட்சத்திரம் என்று அழைத்து வேண்டிக்கொண்ட பெயர் இப்படி ஓர் எழுத்துப் பிசகில் பிறந்தது என்றே பலரும் கருதுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டு மொழியறிஞர்கள் வேறு இரண்டு வழிகளைக் காட்டினர். ஒன்று பண்டைய எகிப்து மொழி. அதில் 'மரீ' என்ற வேர் நேசிக்கப்படுபவர் என்ற பொருள் தரும். மூஸா என்ற பெயரே எகிப்திய மூலமுடையது என்று பெரும்பாலான ஆய்வாளர் ஏற்பதால், அதே வீட்டில் பிறந்த அக்காவுக்கும் எகிப்தியப் பெயர் இருந்திருக்கலாம் என்பது அவர்களது வாதம். மற்றது சிரியாவின் கடற்கரையில் தோண்டியெடுக்கப்பட்ட உகாரித் களிமண் பலகைகளின் மொழி. அதில் ம-ர-ய-ம என்ற நான்கு எழுத்துகளுக்கு உயரம், உச்சி என்று பொருள். இந்த இரண்டில் ஒன்று சரியாயிருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். எகிப்திய வழியே எனக்கு இயல்பாகப் படுகிறது.

நம் முபஸ்ஸிர்கள் என்ன சொன்னார்கள்? ஆல இம்ரான் ஸூராவின் 36ஆம் வசனத்தில், குழந்தையைப் பெற்ற தாய், தானே அதற்கு மர்யம் என்று பெயரிட்டதாக இறைவனிடம் சொல்கிறார். அதை விளக்கும் ஸமக்ஷரீ, அவர்களுடைய மொழியில் மர்யம் என்றால் இபாதத் செய்பவள் என்று பொருள், அந்தப் பெயருக்கேற்ப மகள் அமைய வேண்டும் என்பதே அத்தாயின் ஆசை என்கிறார். பைழாவீயும் அதையே சொல்கிறார். பைழாவீ இன்னோரிடத்தில் பணிவிடை செய்பவள் என்றும் பொருள் தருகிறார். அரபுச் சொல்லாகவே பார்த்தால் ஆண்களோடு பேச்சில் ஈடுபட விரும்பும் பெண்ணுக்கு மர்யம் என்பார்கள் என்றும் அகராதிக்காரர் பதிந்திருக்கிறார்கள்! இப்படியொரு பொருளை ஒருவர் பார்த்துவிட்டு இரவில் போன் எடுக்காமலிருந்தால் நல்லது. அரபு வேரில் அந்தச் சொல் என்னவாக இருந்தாலும், அஜமிப் பெயரான மர்யமோடு அதற்குத் தொடர்பில்லை. நம் பக்கத்தில் சிலர் மாரியம்மனையும் இதனோடு முடிச்சுப் போடுவதைக் கேட்டிருக்கிறேன். மாரி என்பது மழைக்கான தமிழ்ச் சொல். அதுவும் ஓசை ஒற்றுமைதான்.

ஆக, கசப்பு என்பது பல விளக்கங்களில் ஒன்று, அதிலும் மொழியறிஞர் மிகக் குறைவாக நம்பும் ஒன்று. பொருள் கெட்ட பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் மாற்றிய நபி (ஸல்) அவர்கள் இந்தப் பெயரை மாற்றச் சொன்னதாக எந்த அறிவிப்பும் இல்லை என்பதையும் மருமகளுக்குச் சொன்னேன்.

அவளது இரண்டாவது சங்கதிதான் எனக்கு அதிக சுவையாயிருந்தது. மிரியம் மூலம், மர்யம் திரிபு என்பது. இதை மேல்நாட்டுப் புத்தகங்களைப் படித்த நம்மவரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் எழுத்தில் உள்ள சாட்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது.

ஹீப்ரு எழுத்து முற்கால முஸ்ஹபுகளைப் போன்றது. மெய்யெழுத்துதான் இருக்கும், உயிரோசைக்குக் குறியீடு இருக்காது. தவ்ராத்தின் பழைய சுருள்களில் இப்பெயர் ம-ர-ய-ம என்ற நான்கு எழுத்துகளாக மட்டுமே நிற்கிறது. அதை மர்யம் என்று படிப்பதா, மிர்யம் என்று படிப்பதா என்று எழுத்து சொல்லாது. உயிர்க்குறிகளை இட்டவர்கள் மஸோராக்காரர் எனப்படும் யூத அறிஞர்கள். அவர்களில் முக்கியமானவர்கள் தபரிய்யா நகரில் இருந்தவர்கள். அவர்களது பணி கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையானது. அதாவது, முஸ்லிம்களின் ஆட்சிக்குட்பட்ட நாட்டில், நம்மவர் குர்ஆனுக்கு நுக்தாவும் ஹரகத்தும் இட்ட அதே காலப்பகுதியில். அவர்கள் இட்ட குறிகளின்படிதான் 'மிர்யாம்' என்ற ஓசை வருகிறது. அப்படிக் குறியிடப்பட்ட முழு ஹீப்ரு வேத ஏடுகளில் இன்று கையில் இருக்கும் பழையது 1008ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அதற்கு முன்பு அந்தப் பெயர் எப்படி ஒலித்தது? உயிரெழுத்துள்ள மொழியில் யாராவது எழுதி வைத்திருந்தால் அறியலாம். வைத்திருக்கிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் யூதர்களே தவ்ராத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது மூஸா நபியின் சகோதரியை 'மரியாம்' என்று எழுதினார்கள். கி.பி. முதலாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் 'மரியாம்மே' என்று எழுதினார். கடைசி 'மே' கிரேக்க இலக்கணத்துக்காக ஒட்டியது. கிரேக்க இன்ஜீல்களில் ஈஸா (அலை) அவர்களின் தாய் மரியாம் என்றும் மரியா என்றும் வருகிறார். சிரியாக் மொழியில் மர்யம். ஹபஷாவின் கீஸ் மொழியில் மார்யாம். எல்லா இடத்திலும் முதல் எழுத்து 'ம'. ஓரிடத்திலும் 'மி' இல்லை.

ஹீப்ருவில் அழுத்தமில்லாத முதல் அசையின் அகரம் காலப்போக்கில் இகரமாவது தெரிந்த மாற்றம்தான். கோபுரத்துக்கு ஹீப்ருவில் 'மிக்தால்', ஆனால் முதல் நூற்றாண்டில் அதே வேரில் அமைந்த ஊர் 'மக்தலா'. மக்தலேனா மரியாள் என்று கிறிஸ்தவர் சொல்வது அந்த ஊர்ப் பெண்ணையே. பலசாலி ஒருவரைத் தமிழ் பைபிள் ஹீப்ருவைப் பின்பற்றிச் சிம்சோன் என்கிறது. கிரேக்கம் அவரைச் சம்ப்ஸோன் என்றது, அரபு ஷம்ஷூன் என்கிறது. மர்யம், மிர்யாம் ஜோடியும் இந்த வகைதான். மஸோராக்காரர் குறியிடுவதற்கு முன்பே சில இடங்களில் 'மி' ஓசை புழக்கத்துக்கு வந்திருக்கலாம். ஆனால் ஈஸா (அலை) அவர்களின் தாய் தன் வீட்டுக்காரர் வாயில் கேட்ட பெயர் மர்யம் என்பதற்கே சாட்சி இருக்கிறது. குர்ஆன் ஓதுகையில் நாம் உச்சரிப்பது அந்தப் பழைய ஓசையை.

ஆர்தர் ஜெப்ரி 1938இல் பரோடாவில் வெளியிட்ட, குர்ஆனின் வேற்றுமொழிச் சொற்கள் பற்றிய நூலில் இந்த 'ம' ஓசையைக் கவனித்திருக்கிறார். கிறிஸ்தவர் வழியாக அரபுக்கு வந்த பெயர் என்பதற்கு அதைச் சான்றாக்குகிறார். கீழைத்தேயவாதிகள் இதைக் 'கடன்' என்று சொல்லிக் கடந்துபோவார்கள். நான் இதை வேறொரு சம்பவத்தோடு சேர்த்தே பார்க்கிறேன். மக்காவிலிருந்து ஹபஷாவுக்குத் தஞ்சம் போனவர்களைத் திருப்பிப் பிடித்துவரக் குறைஷியர் ஆள் அனுப்பினார்கள். அரசவையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) ஸூரா மர்யமின் ஆரம்பத்தை ஓதினார்கள். நஜாஷி மன்னர் தாடி நனைய அழுதார், பாதிரிமாரும் அழுதனர் என்று இப்னு ஹிஷாம் தொகுத்த ஸீரா சொல்கிறது. ஓதியது அரபு, கேட்டவர் மொழி கீஸ். ஆனால் நடுவே அந்த ஒரு பெயர் வந்தபோது மொழிபெயர்க்க யாரும் தேவைப்பட்டிருக்காது. தம் தேவாலயங்களில் தினமும் சொல்லும் பெயர் ஏறக்குறைய அதே ஓசையோடு மக்காக்காரர் ஒருவரின் வாயிலிருந்து வருகிறது. அந்த அவையில் அகதிகளுக்கு அடைக்கலம் கிடைத்தது.

பெயரின் புழக்கத்துக்கு வருவோம். இங்கேதான் குர்ஆன் மீது அடிக்கடி வைக்கப்படும் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது.

பழைய ஏற்பாடு முழுவதிலும் இந்தப் பெயரோடு வருபவர் மூஸா நபியின் சகோதரியும், நாளாகமத்தின் வம்சப் பட்டியலொன்றில் பெயராக மட்டும் வரும் இன்னொருவரும்தான். பல நூற்றாண்டு இப்பெயர் தூங்கிக் கிடந்தது போலிருக்கிறது. பிறகு ஈஸா (அலை) அவர்களின் காலத்தையொட்டிப் பார்த்தால் திரும்பும் பக்கமெல்லாம் மர்யம். ஜெருசலத்தைச் சுற்றியுள்ள கல்லறைக் குகைகளில் எலும்புகளைச் சேர்த்து வைத்த கல்பெட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன; அவற்றின் மேல் பெயர் கீறப்பட்டிருக்கும். அவற்றையும் ஏடுகளையும் கொண்டு இஸ்ரேலிய ஆய்வாளர் தால் இலான் தொகுத்த பெயர் அகராதி 2002இல் வெளிவந்தது. அக்காலப் பலஸ்தீனத்தில் பெயர் தெரியவரும் யூதப் பெண்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு மர்யம் என்ற பெயருடையவர். அடுத்தபடி ஸலோமி. ஏரோது மன்னனின் மனைவியரில் இருவர் இப்பெயருடையவர்கள். அவர்களில் ஒருத்தி ஹஸ்மோனிய அரச குடும்பத்தவள். கணவனின் கட்டளையாலேயே கி.மு. 29இல் கொல்லப்பட்டாள். ரோமர் காலத்துக்கு முன்பு நாட்டை விடுவித்து ஆண்ட அந்தக் குடும்பத்தின் மீது மக்களுக்கிருந்த பற்றே அதன் பெயர்களைப் பரப்பியது என்று இலான் கருதுகிறார்.

இத்தனை மர்யம்கள் ஓர் ஊரில் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது? நம்மூரில் ஒரே தெருவில் நாலு பாத்திமா இருந்தால் என்ன செய்கிறோம்? கடைக்கார பாத்திமா, மேற்குத்தெரு பாத்திமா, இன்னாரின் மகள் பாத்திமா. இன்ஜீல்களிலும் அதேதான்: மக்தலா ஊர் மரியாள், யாக்கோபின் தாய் மரியாள், கிளேயோப்பா வீட்டு மரியாள்.

இப்போது ஸூரா மர்யமின் 28ஆம் வசனம். குழந்தையோடு வந்த மர்யம் (அலை) அவர்களை அவர்களுடைய சமூகம் 'ஹாரூனின் சகோதரியே' என்று அழைக்கிறது. மூஸா நபியின் சகோதரியையும் ஈஸா நபியின் தாயையும் குர்ஆன் குழப்பிவிட்டது என்று விமர்சகர் பல நூற்றாண்டாகச் சொல்லி வருகின்றனர். அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணுபவர்கள் ஸஹீஹ் முஸ்லிமில் முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்களின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். நஜ்ரான் கிறிஸ்தவர்கள் அவரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள்: மூஸாவுக்கும் ஈஸாவுக்கும் இடையே எவ்வளவு காலம்! அவருக்குப் பதில் தெரியவில்லை. மதீனா திரும்பி நபியவர்களிடமே கேட்டார். அந்த மக்கள் தமக்கு முன்சென்ற நபிமார், நல்லடியார் பெயர்களைச் சூட்டிக்கொள்பவர்களாக இருந்தார்கள் என்று நபியவர்கள் விளக்கினார்கள்.

பெயர் ஆய்வின் கோணத்தில் இந்தப் பதில் எத்தனை துல்லியமானது என்பதைக் கல்பெட்டிகள் காட்டுகின்றன. தவ்ராத்தில் யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் பழைய மர்யமின் அறிமுகமே 'தீர்க்கதரிசி, ஆரோனின் சகோதரி' என்பதுதான். ஏன் மோசேயின் சகோதரி என்று சொல்லவில்லை என்று தல்மூத் அறிஞர்களே கேட்டிருக்கிறார்கள். ஆக, மர்யம் என்ற பெயரோடு ஹாரூனின் சகோதரி என்ற பட்டமும் யூதர் காதில் ஒட்டியே ஒலித்தது. அந்தப் பெயரைத் தாங்கிய, ஆலயத்தில் வளர்ந்த ஒரு பெண்ணை ஊரார் கண்டிக்கும்போது அப்பட்டத்தைச் சொல்லிக் குத்துவதில் வியப்பென்ன? இம்ரான், ஹாரூன் என்ற பெயர்கள் அந்தக் குடும்பத்திலேயே மறுபடி வந்திருக்கலாம் என்றும் முபஸ்ஸிர்கள் கூறுவர். இரண்டில் எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றே: முன்னோர் பெயரைப் பின்னோர் சூட்டினர்.

தமிழ் பைபிள் வாசகருக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படுவதே கடினம். பழைய ஏற்பாட்டில் அவர் மிரியாம். புதிய ஏற்பாட்டில் இவர் மரியாள். ஒரே பெயர் இரண்டாகிப் போயிற்று. குர்ஆனில் ஒரே வடிவம்தான். 34 தடவை வருகிறது; குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண் அவர்தான்.

வேதக்காரர் பெயர் என்ற சம்மந்தி அம்மாவின் ஆட்சேபத்துக்கு வேறு பதில் தேவையா? தேவையென்றால் நபி (ஸல்) அவர்களின் வீட்டையே பார்க்கலாம். எகிப்திலிருந்து வந்த மாரியா அல் கிப்திய்யா (ரழி) அவர்களின் பெயர் இதே பெயரின் கிரேக்க வடிவம்தான். அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய பின்பும் அந்தப் பெயரோடேயே வாழ்ந்து அதே பெயரோடு வபாத்தானார்கள். மறுதிசையில் ஒரு பயணமும் உண்டு. நியூயோர்க் யூதக் குடும்பத்தில் 1934இல் பிறந்த மார்கரெட் மார்கஸ் 1961இல் இஸ்லாத்துக்கு வந்து, மர்யம் ஜமீலா என்று பெயர் மாற்றி, லாகூரில் குடியேறி 2012இல் மறைந்தார். யூதப் பெண் ஒருவர் முஸ்லிமாகித் தேர்ந்த பெயர் பனூ இஸ்ராயீலின் மிகப் பழைய பெண் பெயராய் இருந்தது.

மற்ற நாடுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அயர்லாந்தில் 'முய்ரே' என்ற வடிவத்தை அன்னை ஒருவருக்கே ஒதுக்கிவிட்டுச் சாதாரணப் பெண்களுக்கு 'மாய்ரே' என்று மாற்றி வைத்தார்கள். முகலாயர் அரண்மனையில் அக்பரின் தாய்க்கு மர்யம் மகானி, ஜஹாங்கீரின் தாய்க்கு மர்யமுஸ் ஸமானி என்று பட்டங்கள். பின்னவர் ராஜபுத்திரப் பெண். ஈரானில் நிலசம்பங்கிப் பூவுக்கே மர்யம் பூ என்றுதான் பெயர். கணிதத்தின் பீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் முதன்முதலாகப் பெற்ற பெண்ணான மர்யம் மிர்ஸாகானி அந்த நாட்டவர். அமெரிக்காவில் 1880 முதல் 1946 வரை ஒவ்வொரு ஆண்டும் பெண் பெயர்களில் முதலிடம் மேரி. இன்று அங்கே அது முதல் நூறுக்குள்ளும் இல்லை. இங்கிலாந்தின் முதல் நூறு பெயர்களிலோ மர்யம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இலங்கைக்கு மரியா என்ற வடிவத்தைப் போர்த்துக்கேயர் கொண்டு வந்தனர். கடலோரக் கத்தோலிக்கக் குடும்பத்தின் மரியாவும் பக்கத்துத் தெரு மர்யமும் ஒரே பெயர்க்காரிகள் என்பது இருவருக்கும் தெரியாமலிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இவ்வளவையும் போனில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடையில் குழந்தை இரண்டு தடவை அழுதது. கடைசியாக ஆல இம்ரான் வசனத்தை நினைவூட்டினேன். அங்கே பெயர் வைத்தவர் தாய். பிறந்த அன்றே பெயரிடலாம் என்பதற்கு இப்னு கஸீர் அந்த வசனத்தைத்தான் ஆதாரம் காட்டுகிறார். அந்த ஆதாரத்தோடு சேர்த்து, நபியவர்கள் தமக்கு அன்றிரவு பிறந்த மகனுக்குத் தம் தந்தை இப்ராஹீமின் பெயரைச் சூட்டியதாகச் சொன்ன ஹதீஸையும் தருகிறார். அந்த இப்ராஹீமைப் பெற்றவர் மாரியா.

"அப்ப மாத்தத் தேவல்லை" என்றாள்.

ஏழாம் நாள் அகீகா நடந்தது. அடுத்த வாரம் மறுபடியும் போன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம்: மர்யமா, மரியமா? எங்கள் உம்மம்மாவின் பழைய பத்திரத்தில் 'மறியம் பீவி' என்று வல்லின றகரத்தில் இருக்கிறது. எழுதிய பதிவாளரின் காதுக்கு அப்படிக் கேட்டிருக்கும். எதை எழுதினாலும் பெயர் ஒன்றுதான் என்றேன். மர்யம் என்றே எழுதிக் கொடுத்தாளாம்.